யங்கனாத்தெஸ் தங்கம்: கதை சுமந்தவர்களைத் தேதி வாரியாகத் தேடும் முறை

எக்குவதோர் நாட்டில் அம்பாத்தோ நகருக்குக் கிழக்கே, ஆண்டிஸின் கிழக்குத் தொடரில் யங்கனாத்தெஸ் மலைகள் இருக்கின்றன. சேறும் மூடுபனியும் ஓயாத மழையுமான பகுதி. இன்கா அரசன் அதவால்பாவை மீட்கக் கொண்டுவந்த தங்கத்தில் ஒரு பங்கு, 1533இல் அவன் கொல்லப்பட்ட சேதி வந்ததும், இங்கே மனிதர் வெட்டிய ஓர் ஏரியில் கொட்டப்பட்டது என்பது கதை. மறைத்தவர் தளபதி ரூமின்யாவி என்பார்கள். தங்கத்தைத் தேடி மலையேறியவர்களின் பட்டியல் நீளம். இந்தப் பதிவில் உள்ளது மேசைமேல் செய்யும் தேடல். கதையைக் கைமாற்றிக் கைமாற்றி நம்மிடம் சேர்த்த ஆட்களின் வாழ்க்கையை நாள், இடம், ஆதாரம் என்று அடுக்கி, யார் எதைக் கண்ணால் கண்டார், யார் எதைக் காதால் கேட்டார் என்று பிரிக்கிறோம். ஒரு விரிதாளும் இணையமும் இருந்தால் இதில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே முடிக்கலாம்.

யாரிடம் தொடங்குவது

கதை சொல்பவர்கள் அதவால்பாவில் தொடங்கி இன்றைக்கு வருவார்கள். ஆய்வு அப்படிப் போனால் இரண்டாம் அடியிலேயே காலுக்குக் கீழே தரை இருக்காது. சங்கிலியில் எந்த ஆளுக்கு அதிகக் காகிதம் கிடைக்கிறதோ அவரிடம் தொடங்கி, அங்கிருந்து முன்னும் பின்னும் நகர வேண்டும்.

யங்கனாத்தெஸ் சங்கிலியில் அந்த ஆள் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ். 1817இல் யார்க்‌ஷயரின் கான்தார்ப்பில் பிறந்து 1893இல் இறந்த தாவரவியலாளர். பாசிகளும் ஈரலுருவிகளும்தான் அவருடைய உயிர்மூச்சு. 1849 ஜூலையில் பிரேசிலின் பாராவில் இறங்கியவர், அமேசான், ரியோ நீக்ரோ, பெருவின் தாரபோத்தோ என்று சுற்றி, 1857இல் எக்குவதோருக்குள் வந்தார். புதையலுக்குப் போகும் வழியை எழுதிவைத்த பழைய ஏடுதான் ‘வழிகாட்டி’; அது முதன்முதலில் ஆங்கிலத்தில் அச்சேறியது அவர் கையால்தான். ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி இதழின் 31ஆம் தொகுதியில் (1861), 163ஆம் பக்கத்திலிருந்து அந்தக் கட்டுரை வருகிறது. லண்டனில் அது வாசிக்கப்பட்டது 1860 மார்ச் 12. பிறகு 1908இல் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், ஸ்ப்ரூஸின் குறிப்புகளை இரண்டு தொகுதிகளாகத் தொகுத்தபோது, இரண்டாம் தொகுதியின் 28ஆம் அத்தியாயமாக இதைச் சேர்த்துத் தன் கருத்தையும் பின்னால் எழுதினார்.

இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். 1861 கட்டுரை ஜேஸ்டோர் என்ற இணைய இதழ்க் காப்பகத்தில் இலவசம். அமெரிக்காவுக்கு வெளியே 1870க்கு முன் வந்த இதழ்களை அவர்கள் திறந்து வைத்திருக்கிறார்கள். 1908 நூல் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரியிலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் கிடைக்கும். 1908ஐ மட்டும் படித்துவிட்டு “ஸ்ப்ரூஸ் சொன்னார்” என்று எழுதுவது இத்துறையில் நிறைய நடக்கிறது. ஸ்ப்ரூஸின் சொல் எங்கே முடிகிறது, வாலஸின் ஊகம் எங்கே தொடங்குகிறது என்று பக்க ஓரத்தில் கோடு போட்டுவிட்டே அடுத்த வேலை.

பேரேடு

விரிதாளில் பதினோரு பத்திகள் போதும்: ஆண்டு, மாதம், நாள், தேதியின் நிச்சயம், மூலத்தில் உள்ளபடி இடப்பெயர், இன்றைய இடப்பெயர், செயல், ஆதாரம் (பக்கம் அல்லது ஏட்டு எண்ணோடு), அந்த ஆதாரம் எழுதப்பட்ட ஆண்டு, கண்டது/கேட்டது/படித்தது, படக்கோப்பின் பெயர்.

ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனி எண்களாக வைப்பதற்குக் காரணம் உண்டு. எக்செல் 1900 ஜனவரி 1க்கு முந்தைய எதையும் தேதியாக ஏற்காது, வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தினால் எல்லாம் கலைந்துபோகும். லிப்ரே ஆபிஸ் பழைய தேதிகளை ஏற்கும், ஆனால் 1582 அக்டோபர் 15க்கு முன்னால் ஜூலியன் நாட்காட்டிக்கு மாறிவிடும். 16ஆம் நூற்றாண்டு வரிசைகளில் கை வைக்கும்போது இது பத்து நாள் குழப்பத்தைக் கிளப்பும். மூன்று எண் பத்தி என்றால் இந்த வம்பே இல்லை.

பத்தாவது பத்திதான் பேரேட்டின் உயிர். கட்டுரையின் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். பாக்காயாகுவில் இருந்தபோது துங்குராஹுவா, கொத்தோபக்சி எரிமலைகளுக்கு நடுவே பனி மூடிய முனைகளைப் பார்த்ததாக ஸ்ப்ரூஸ் எழுதுகிறார். 1857 ஜூலையில் பான்யோஸ் வந்து சேர்ந்த பிறகு, அவை யங்கனாத்தி மலைகள் என்று ஊரார் சொன்னார்கள். அங்கே எல்லா உலோகமும் உண்டு, இன்காக்கள் ஏரியில் தங்கம் போட்டார்கள் என்றும் சொன்னார்கள். ஒரே மூச்சில் வருகிற இந்தச் செய்தி பேரேட்டில் மூன்று வரிசை ஆக வேண்டும். பனிமுனைகள்: கண்டது. மலையின் பெயர்: கேட்டது. தங்கம்: கேட்டது. பிற்காலப் புத்தகங்கள் மூன்றையும் ஒன்றாக உருட்டி, “தாவரவியலாளர் ஸ்ப்ரூஸ் உறுதிப்படுத்தியது” என்று ஆக்கிவிடுகின்றன.

கண்டது என்று எழுதிய வரிசைகளையும் சோதிக்கலாம். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், விண்கலத்திலிருந்து அளந்த 30 மீட்டர் எஸ்ஆர்டிஎம் உயரத்தரவை ஏற்றி, பார்வைப்பரப்புக் கணிப்பை ஓட்டினால், ஓரிடத்திலிருந்து எந்தச் சிகரம் தெரியும் என்று வரும். பார்ப்பவர் உயரம் 1.7 மீட்டர், ஒளிவிலகல் குணகம் 0.13. புவிவளைவுத் திருத்தத்தைச் சேர்க்க மறக்கக்கூடாது: 30 கிலோமீட்டர் தொலைவில் விலகலையும் கழித்த பின் சுமார் 61 மீட்டர் மறையும். தாழ்வான முகடுகளின் விஷயத்தில் அந்த 61 மீட்டரே முடிவை மாற்றிவிடும். எஸ்ஆர்டிஎம் காட்டுப் பகுதியில் மரத்தலையின் உயரத்தையும் ஓரளவு சேர்த்தே அளக்கிறது என்பதால், காட்டுக்குள் நின்று பார்த்ததாக வரும் இடங்களில் முடிவை அப்படியே நம்ப வேண்டாம்.

ஸ்ப்ரூஸ் ஏன் போகவில்லை

புதையல் ஆர்வலர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. வழிகாட்டி கையில் இருந்தது, அம்பாத்தோவில் குடியிருந்தார், மலை கிழக்கே கண்ணெதிரே. ஏதோ தெரிந்துதான் மறைத்தார் என்று ஒரு கட்சி. நம்பாமல்தான் போகவில்லை என்று இன்னொரு கட்சி. நாட்களை அடுக்கிவைத்தால் இரண்டுமே தேவைப்படாது.

கட்டுரை 1860 மார்ச்சில் லண்டனில் வாசிக்கப்பட்டது என்றால், கப்பல் தபால் காலத்தைக் கழித்தால், 1859க்குள் எழுதி முடித்து அனுப்பியிருக்க வேண்டும். அதே 1859இன் இறுதியில், இந்தியாவுக்காகச் சிவப்புப் பட்டைச் சின்கோனாவின் விதையும் கன்றும் சேகரிக்கும் பொறுப்பு பிரிட்டிஷ் அரசின் இந்தியத் துறையிலிருந்து அவருக்கு வருகிறது. மலேரியாவுக்கு மருந்தான குயினைன் அந்தப் பட்டையில்தான் இருந்தது. 1860 ஏப்ரல் இறுதியில் முதுகும் கால்களும் செயலிழந்து படுக்கையில் விழுகிறார். அதற்குப் பிறகு அவர் முழுதாகத் தேறவே இல்லை. அந்த நிலையிலேயே சிம்பொராசோவின் மேற்குச் சரிவில் உள்ள லிமோன் காட்டுக்குப் போய், ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரரின் துணையோடு வேலையை முடிக்கிறார். சுமார் ஒரு லட்சம் விதைகள், கண்ணாடிப் பெட்டிகளில் 637 கன்றுகள். கன்றுகள் 1861 ஜனவரியில் குவாயாகீலிலிருந்து கப்பலேறின. 1861 அக்டோபரில், அவர் சேமிப்பைப் போட்டுவைத்திருந்த குவாயாகீல் வணிக நிறுவனம் நொடித்துப்போய், பணம் போயிற்று. உடம்பும் இல்லை, காசும் இல்லை. யங்கனாத்தெஸ் அம்பாத்தோவுக்குக் கிழக்கு. சின்கோனா காடு மேற்கு. 1860 முழுதும் அவர் வேலை அவரை எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு நல்ல சரிபார்ப்பு வாய்ப்பு நமக்கு அருகிலேயே இருக்கிறது. அந்தக் கன்றுகள் 1861 ஏப்ரலில் உதகமண்டலம் வந்து சேர்ந்தன. நீலகிரியின் சின்கோனாத் தோட்டங்களை வளர்த்தெடுத்தவர் அங்கே அரசுத் தோட்டக் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் மெக்ஐவர். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் சென்னை அரசாங்க வருவாய்த்துறை நடவடிக்கை ஏடுகளும், லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபிஸ் ஆவணங்களும் ஸ்ப்ரூஸின் நாட்களைப் புதையலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பக்கத்திலிருந்து உறுதிசெய்ய உதவும். ஒருவரின் வாழ்க்கையைக் கட்டும்போது இப்படிப்பட்ட ஆவணத்துக்குத்தான் மதிப்பு அதிகம். புதையலைப் பற்றி ஒரு வரிகூடப் பேசாத காகிதத்தில் புதையலுக்காகப் பொய் சொல்ல யாருக்கும் காரணம் இல்லை.

உலர்தாவரத் தாள்களும் அவற்றின் வலையும்

தாவரம் சேகரித்தவர்களின் பயணப்பாதையைக் கண்டுபிடிக்க உலர்தாவரத் தாள்கள், அதாவது செடியை உலர்த்தி ஒட்டி, விவரச் சீட்டோடு வைத்த தாள்கள், அருமையான வழி. உயிரினப் பதிவுகளைத் திரட்டிவைக்கும் ஜிபிஐஎஃப் தளத்தில் சேகரிப்பாளர் பெயரைப் போட்டுத் தேடி, இடம், நாள், எண் மூன்றையும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஸ்ப்ரூஸ் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு இறக்கினால் வரைபடம் முழுக்கப் பொய்ப் புள்ளிகளாக வரும்.

முதல் சிக்கல் பெயர். ஆர். ஸ்ப்ரூஸ், ஸ்ப்ரூஸ் ஆர்., ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் என்று ஒவ்வொரு அருங்காட்சியகமும் ஒவ்வொரு விதமாக ஏற்றியிருக்கிறது. ஒரு வடிவத்தில் மட்டும் தேடினால் பாதி விடுபடும். இரண்டாவது, அச்சிட்ட சீட்டுகள். அவருடைய எக்குவதோர்த் தாள்கள் பலவற்றில் “எக்குவதோர் ஆண்டிஸில், 1857-9” என்ற பொருளில் லத்தீனில் ஒரே வரி அச்சாகியிருக்கும். மொத்தச் சேகரிப்புக்கும் அடித்த சீட்டு அது. தரவை ஏற்றுபவர் அதை 1857 ஜனவரி 1 என்று பதிந்துவிட்டால், ஸ்ப்ரூஸ் இன்னும் பெருவில் இருந்த நாளில் எக்குவதோரில் செடி பறித்ததாக ஆகிவிடும். ஜனவரி 1 என்று வரும் எந்த வரிசையையும் படத்தைத் திறந்து பார்க்காமல் பேரேட்டில் சேர்க்க வேண்டாம். மூன்றாவது, அட்சரேகை தீர்க்கரேகை. சீட்டில் நாட்டுப் பெயர் மட்டும் இருந்தால் நாட்டின் மையப்புள்ளி ஆயமாகப் பதிவாவது சகஜம். இடப்பிழை மீட்டர் கணக்கில் தரப்பட்டுள்ள பத்தியில் 5,000க்கு மேல் உள்ளதையும், அந்தப் பத்தியே காலியாக உள்ளதையும் பாதை வரைய எடுக்காதீர்கள்.

எண் வரிசையை நாள் வரிசையாகக் கொள்வதும் ஆபத்து. அவருடைய பாசிகளுக்கு 1867இல் வெளிவந்த பட்டியலில் தனி எண் வரிசை இருக்கிறது; பூக்கும் தாவரங்களின் எண்ணோடு அதைக் கலந்தால் ஒரே எண்ணுக்கு இரண்டு ஊர் வரும்.

இதையெல்லாம் சலித்த பிறகு மிஞ்சுவதை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அவர் எழுதிய கடிதங்களோடு பொருத்த வேண்டும். கியூவின் இயக்குநர் கடிதத் தொகுப்பு எண்மமாக்கப்பட்டிருக்கிறது. கடிதத்தின் தலையில் ஊரும் நாளும் இருக்கும், கையெழுத்தும் படிக்கக்கூடியதே. அச்சிட்ட சீட்டும் கடிதமும் முரண்பட்டால் கடிதத்தின் பக்கம் நில்லுங்கள்.

வழிகாட்டியின் உடம்பு

ஸ்ப்ரூஸ் அச்சிட்ட வழிகாட்டிக்கு தெரொத்தேரோ என்று பெயர். லாத்தாகுங்காவில் வாழ்ந்த வல்வெர்தே என்ற ஸ்பானியர், மனைவியின் தகப்பனார் மூலம் புதையலிடம் போய்த் திரும்பிப் பணக்காரராகி, ஸ்பெயினில் சாகும்போது அரசருக்கு எழுதிவைத்தது என்பது அதன் முன்கதை. அரசர் லாத்தாகுங்கா, அம்பாத்தோ ஊர்களின் கொரெஹிதோர்களுக்கு (அரசர் நியமித்த வட்டார அதிகாரிகளுக்கு) ஆணை அனுப்பினாராம். தேடப் போன கூட்டத்தில் இருந்த லோங்கோ என்ற துறவி ஒரு மாலையில் காணாமலே போனாராம்.

நடையோ கறாரான வழிகாட்டி நடை. பீயாரோவில் நின்று மோயா பண்ணையை விசாரி. அதற்கு மேலே முதல் இரவு தங்கு. குவாப்பா மலையுச்சியில், வெயில் நாளாக இருந்தால், அம்பாத்தோவுக்கு முதுகு காட்டிக் கிழக்கே பார். முக்கோணமாக மூன்று யங்கனாத்தி மலைகள் தெரியும். பிறகு மூக்குக் கண்ணாடி போன்ற இரட்டை ஏரிகள், யானாகோச்சா என்ற கறுப்பு ஏரி, ஆழமான பள்ளத்தாக்கு, அருவி, காலடியில் நடுங்கும் சதுப்பு, கடைசியில் சுரங்க வாய். ஊர்ப்பெயர்களில் தொடங்கி இயற்கை அடையாளங்களில் முடிகிறது. முதல் பாதியைக் களத்தில் சரிபார்க்கலாம், பின்பாதியை ஆளுக்கொரு மலையில் பொருத்தலாம். ஆழப் பள்ளத்தாக்குக்குப் பிறகு தேடியவர்கள் எல்லோரும் பிரிந்து போனது இதனால்தான்.

பேரேட்டுக்கு இதிலிருந்து எடுக்க வேண்டியது வேறு. ஸ்ப்ரூஸ் பார்த்தது படி மட்டுமே. மூலம் லாத்தாகுங்கா ஆவணங்களில் இருந்தது, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் காணாமல் போயிற்று என்று அவரே எழுதுகிறார். படியெடுக்க வந்தவர்களில் ஒருவர் மூலத்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்பது ஊர்ப்பேச்சு. நமக்கு அச்சில் கிடைப்பது அந்தப் படியின் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஆக, வழிகாட்டியில் உள்ள ஒவ்வொரு இடது வலது திருப்பமும் குறைந்தது இரண்டு கை தாண்டி வந்தது. வாலஸ் 1908இல் அலசிய திருப்பங்களுக்கும் இதே கதிதான். ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி இதழுக்கு வந்த கையெழுத்துப் படிகளை ஜேஎம்எஸ் என்ற குறியீட்டில் வைத்திருக்கிறது. அச்சுப்பிழையா மொழிபெயர்ப்பா என்ற சந்தேகம் வரும் சொற்களுக்கு அங்கே கேட்பதுதான் முறை.

குஸ்மான்: வரைபடம் வரைந்தவர்

ஸ்ப்ரூஸ் தன் கட்டுரையோடு சேர்த்தது, எட்டுச் சிறு தாள்களை முரட்டுத் துணியில் ஒட்டி வரைந்த ஒரு பழைய வரைபடத்தின் நகல். வரைந்தவர் ஸ்பானியத் தாவரவியலாளர் குஸ்மான். ஸ்ப்ரூஸ் அவரை அத்தனாசியோ என்கிறார். தாவரவியல் நூல்களில் அவர் அனஸ்தாசியோ. ஒரு பெயரில் மட்டும் தேடியவர்களுக்கு ஆளே கிடைக்காமல், “குஸ்மான் கற்பனைப் பாத்திரம்” என்று முடிவுகட்டும் அளவுக்குப் போயிருக்கிறது. உண்மையில் 1802இல் ருயிஸ், பவோன் என்ற ஸ்பானியத் தாவரவியலாளர் இருவரும் ஒரு தாவரப் பேரினத்துக்கே குஸ்மானியா என்று அவர் பெயரை வைத்துவிட்டார்கள். இன்று பூக்கடையில் சிவப்பு மடலோடு தொட்டியில் விற்கும் செடி அதுதான். புதையல் கதைக்கு வெளியே நிற்கும் சாட்சி என்றால் இதைவிட வேறு வேண்டாம்.

குஸ்மான் பீயாரோவில் தங்கிப் பலமுறை மலைக்குள் போனார், தங்கம் கிடைக்காமல் இன்காக் காலத்து வெள்ளி, செம்புச் சுரங்க வாய்களைக் கண்டார், கூட்டாளிகள் சண்டையிட்டுக் கலைந்தார்கள், 1806 அல்லது 1808 வாக்கில் லெய்த்தோ பள்ளத்தாக்கில் தூக்கத்தில் நடந்து பள்ளத்தில் விழுந்து இறந்தார். இவ்வளவும் ஸ்ப்ரூஸ் ஐம்பது ஆண்டு கழித்துக் கேட்டு எழுதியது. பத்தாம் பத்தியில் எல்லாமே “கேட்டது”. ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹும்போல்ட்டைச் சந்தித்துத் தன் ஓவியங்களைக் காட்டினார் என்பதும் அப்படித்தான். ஆனால் இதைச் சோதிக்க முடியும். ஹும்போல்ட் கீத்தோ வட்டாரத்தில் இருந்தது 1802இன் முதல் பாதி. அவருடைய பயண நாட்குறிப்புகளை பெர்லின் அகாடமி எண்மப் பதிப்பாக வெளியிட்டுவருகிறது. பெயரைத் தேடும்போது எழுத்து வேறுபாடுகளைச் சேர்த்துத் தேடுங்கள். இடப்பெயருக்கும் இதே பாடுதான்: தாகுங்கா/லாத்தாகுங்கா, லெய்த்து/லெய்த்தோ, யங்கனாத்தி/யங்கனாத்தெஸ். ஸ்கேன் செய்த நூல்களில் நீண்ட பெயர்கள் வரி முனையில் இரண்டாக உடைந்திருக்கும். முழுப்பெயரோடு அதன் முன்பாதியையும் தனியாகத் தேடிப் பாருங்கள்.

இறப்பைத் தேடும் இடம் ஊர்ப் பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேடு. ஸ்ப்ரூஸ் இரண்டு ஆண்டு சொல்கிறார் என்றால் நாம் 1804 முதல் 1810 வரை புரட்ட வேண்டும். வாய்மொழித் தேதிக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆண்டு வாசல் விடுவது எங்கள் வழக்கம்.

வல்வெர்தே: செவியாவில் செய்ய வேண்டியது

இங்கேதான் கதைக்கு மூச்சு வாங்குகிறது. ஸ்ப்ரூஸ் தரும் பாடத்தில் வல்வெர்தேக்கு முதற்பெயர் இல்லை. அரசரின் பெயர் இல்லை. ஆணைக்குத் தேதி இல்லை. வல்வெர்தே என்பது ஸ்பெயினில் தெருவுக்கு நான்கு பேர் வைத்திருக்கும் குடும்பப்பெயர். அதவால்பாவின் முன் நின்ற துறவி வின்சென்தே தெ வல்வெர்தேயோடு இவரைக் குழப்பிய எழுத்துகளும் உண்டு. அவர் 1541இல் இறந்தவர், வேறு ஆள்.

ஆளைத் தேடுவது வைக்கோல்போரில் ஊசி. ஆணையைத் தேடுவது கைகூடும் காரியம். ஸ்பானிய அரசு அமெரிக்காவுக்கு அனுப்பிய அரசாணைகளின் வாசகம் பதிவேடுகளில் படியெடுக்கப்பட்டது. அவை ஸ்பெயினின் செவியா நகரில், ஆர்ச்சிவோ ஹெனெரால் தெ இந்தியாஸ் என்ற காப்பகத்தில், கீத்தோ ஆட்சிமன்றப் பிரிவின் கட்டுகளில் உள்ளன. பாரெஸ் என்ற அரசு இணையதளத்தில் பெரும்பகுதிக்குப் பொருளடக்கக் குறிப்பும், பலவற்றுக்குப் படமும் இலவசமாகக் கிடைக்கும். தேடுபெட்டியில் “புதையல்”, “வல்வெர்தே” என்று மட்டும் போட்டு நிறுத்தினால் பயனில்லை; குறிப்பு எழுதிய காப்பகர் ஆணை பெறுபவரின் பதவிப்பெயரில் பதிந்திருப்பார். லாத்தாகுங்கா கொரெஹிதோர் என்ற பதவியில் தேடி, தலைமுறை தலைமுறையாகக் கட்டுகளைப் பாருங்கள். அம்பாத்தோவுக்கென்று தனிக் கொரெஹிதோர் பதவி எந்த ஆண்டு உண்டானது என்பதையும் முதலில் பிடியுங்கள். இருவருக்கும் ஆணை என்றால் அந்த ஆண்டுக்கு முன்னால் அது எழுதப்பட்டிருக்க முடியாது. தேட வேண்டிய காலம் ஒரேயடியாகச் சுருங்கும்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை புரோசெஸால் என்ற தொடர்கையெழுத்து வரும். சொற்கள் ஒட்டிக்கொண்டு ஓடும், பேனா தாளை விட்டு எழாது. “மேற்சொன்ன” என்பதற்கு மூன்றெழுத்துச் சுருக்கம், தலைமேல் ஒரு கோடு. எண்களில் ஆயிரத்துக்கு கால்தெரோன் என்று ஒரு தனிக்குறி உண்டு, “யூ” எழுத்து மாதிரி. அதைச் சுழியமாகப் படித்தால் கணக்கு பாழ். குவெந்தோ என்றால் பத்து லட்சம். ஒரே எழுத்தரின் தெளிவான இரண்டு பக்கத்தை எடுத்து, எழுத்து எழுத்தாகப் பட்டியல் போட்டுக்கொண்டு பிறகு மற்றப் பக்கங்களுக்குப் போனால் வேகம் பிடிக்கும். கட்டு எண், நூல் எண், ஏட்டு எண், ஏட்டின் முன்பக்கமா பின்பக்கமா என்பது நான்கையும் கோப்புப் பெயரிலேயே எழுதிவிடுங்கள். பின்பக்கம் என்பதை விட்டுவிட்டால் மறுபடி தேடும்போது தவறான பக்கத்தில் நிற்பீர்கள்.

ஒரு கட்டில் ஆணை இல்லை என்றால், “இல்லை” என்றும் ஒரு வரிசை எழுதுங்கள்: எந்தக் கட்டு, எந்த ஏட்டிலிருந்து எந்த ஏடு வரை, எந்தச் சொற்கள். இல்லாததன் பட்டியல் இல்லாமல் “ஆவணம் கிடைக்கவில்லை” என்று சொல்வதற்கு எந்தப் பொருளும் கிடையாது.

எடைக் கணக்கு

மூலக்கதையில் அதவால்பாவின் மீட்புக்காகச் சேர்ந்த தங்கத்துக்குக் கணக்கு இருக்கிறது. அதவால்பா பெருவின் காஹமார்காவில் பிடிபட்டது 1532 நவம்பர் 16. கொல்லப்பட்ட நாள் பழைய நூல்களில் 1533 ஆகஸ்ட் 29. இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்பது ஜூலை 26. இரண்டையும் தனித்தனி வரிசையாக வையுங்கள். எந்த நூல் எந்தத் தேதியை எடுத்திருக்கிறது என்பதை வைத்தே அது எதைப் பார்த்து எழுதியது என்று கண்டுபிடிக்கலாம். 1533 ஜூனில் உருக்கிப் பங்கிட்டதன் பத்திரம் 13,26,539 பெசோ தங்கமும் 51,610 மார்க் வெள்ளியும் என்கிறது. பெசோ என்பது நாணயமல்ல, எடை: சுமார் 4.6 கிராம். மார்க் சுமார் 230 கிராம். பெருக்கினால் தங்கம் ஆறு டன்னுக்குச் சற்று மேல், 22½ காரட் தரத்தில். வெள்ளி ஏறத்தாழ 11.9 டன்.

இந்த ஆறு டன்னை மலையில் ஆள் ஒன்றுக்கு 25 கிலோ என்று சுமக்க வைத்தால் சுமார் 245 சுமை. பார்த் பிளேக் என்ற கடற்படைக்காரர் 1887 வாக்கில் குகையைக் கண்டதாகச் சொல்லும் கடிதத்தில், ஆயிரக்கணக்கான ஆட்களாலும் அதை எடுத்துவர முடியாது என்று வருகிறது. ஆயிரம் ஆள் என்றாலே 25 டன். உருக்கிப் பதிந்த மொத்தத் தங்கத்தைப் போல் நான்கு மடங்கு. மிச்சத் தங்கம் முதல் தங்கத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எடையைக் கோருபவர்தான் அதற்கான ஆதாரத்தையும் காட்ட வேண்டும்.

பிளேக், டயட், மற்றவர்கள்

பிளேக்கின் கதை பரவியது 20ஆம் நூற்றாண்டுப் புத்தகங்கள் வழியாக. அவர் கடற்படை அதிகாரி என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் ஏடிஎம் 196 வரிசையில் சேவைக்குறிப்பு இருக்க வேண்டும். கடற்படை அதிகாரிகளின் அச்சிட்ட பட்டியலான நேவி லிஸ்டில் பெயர் வர வேண்டும். வணிகக் கப்பல்காரர் என்றால் லாயிட்ஸ் கேப்டன்ஸ் ரெஜிஸ்டர். பார்த் என்பது பார்தலோமியூவின் சுருக்கமாக இருக்கலாம் என்பதால் முழுப்பெயரிலும் தேடுங்கள். கூட்டாளியாகச் சொல்லப்படும் ஜார்ஜ் எட்வின் சாப்மனையும் அதே கப்பல்களின் பட்டியலில் பாருங்கள். இருவரும் ஒரே கப்பலில் ஒரே ஆண்டில் வந்தால் கதை ஒரு படி ஏறும்; ஒருவர் மட்டும் கிடைத்தால் அப்படியே நிற்கும்.

ஜார்ஜ் மில்லர் டயட் வேறு ரகம், காகிதம் நிறைய. 1928இல் பிரேசில் காட்டில் காணாமல் போன பிரிட்டிஷ் பயண ஆய்வாளர் பெர்சி ஃபாசெட்டைத் தேடிப் போனவர் இவரே; 1940களின் இறுதியில் யங்கனாத்தெஸில் தேடினார். இரண்டு புராணங்களுக்கு ஒரே ஆள் என்பதால், அவருக்குப் பேரேட்டில் தனித் தாள் போட்டு, எந்தச் செய்தி எந்தப் பயணத்துக்குப் பின் அவர் எழுத்தில் முதலில் தலைகாட்டுகிறது என்று பாருங்கள். ஃபாசெட்டின் கடைசிக் கடிதம் 1925 மே 29 தேதியிட்டது. அந்த ஆய்வுக்கும் இதே பதினோரு பத்திகள் பொருந்தும்.

மலைக்கே போக நினைப்பவர்களுக்கு: யங்கனாத்தெஸ் 1996 முதல் தேசியப் பூங்கா. நுழையவும் மாதிரி எடுக்கவும் அனுமதி வேண்டும், தோண்டுவது பற்றிப் பேச்சே இல்லை. எக்குவதோர் இராணுவப் புவியியல் நிறுவனத்தின் 1:50,000 தாள்களை முதலில் வாங்கி, வழிகாட்டியின் இடப்பெயர்களை அவற்றில் பென்சிலால் குறித்துப் பாருங்கள். எத்தனை பெயர் 1861க்குப் பிறகு, ஸ்ப்ரூஸின் கட்டுரையைப் படித்துவிட்டு வந்தவர்கள் வைத்தவை என்பதைப் பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டுத் தனி நிறத்தில் குறியுங்கள். அந்தப் பெயர்களைச் சாட்சியாக எண்ணக்கூடாது.